கலிபோர்னியாவில் பிள்ளைக்கு லைசென்ஸ்: பெர்மிட் வந்த பிறகுதான் வேலையே

கலிபோர்னியாவில் 15½ வயது ஆனதும் பெர்மிட்டுக்கு, அதாவது ஓட்டிப் பழகுவதற்கான உரிமத்துக்கு, விண்ணப்பிக்கலாம். அந்த வயதில் விண்ணப்பிக்க டிரைவர் எஜுகேஷன் வகுப்பு கட்டாயம், ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். 17½ தாண்டிவிட்டால் வகுப்பு இல்லாமலே பெர்மிட் உண்டு, ஆனால் 18 ஆகும்வரை ஓட்டும் தேர்வுக்கு விடமாட்டார்கள். அதனால் தள்ளிப்போட்டு லாபமில்லை.

விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அதைச் சும்மா சம்மதக் கையெழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளை ஓட்டும்போது ஏற்படும் சேதத்துக்குப் பணப் பொறுப்பும் அதில் அடக்கம். பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறதோ, அப்பா அம்மா இருவருமானால், இருவரும் போட வேண்டும்.

லைசென்ஸ் வழங்கும் அரசு அலுவலகமான டிஎம்வியில் கண் பரிசோதனை, பிறகு எழுத்துத் தேர்வு. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 46 கேள்விகள், 38 சரியாக வேண்டும். தவறினால் 7 நாள் காத்திருந்துதான் மறுபடி எழுத முடியும். மொத்தம் 3 வாய்ப்பு. டிஎம்வியின் கையேட்டை ஒருமுறை முழுக்கப் படிக்காமல் ஆன்லைன் மாதிரித் தேர்வுகளை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைகள்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

பெர்மிட் கைக்கு வந்த அன்றே சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். டிரைவிங் பள்ளியின் பயிற்சியாளரோடு முதல் வகுப்பைத் தொடங்கி, அவர் பெர்மிட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது செல்லும். பள்ளிப் பயிற்சி 6 மணி நேரம். பெரும்பாலும் 2 மணி நேரம் வீதம் 3 நாள். முதல் நாளை உடனே முடித்துவிட்டு மற்ற இரண்டையும் பரப்பி வையுங்கள். மூன்றாவதைத் தேர்வுக்கு முந்தைய வாரத்துக்கு ஒதுக்கினால், வீட்டில் ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கங்கள் அப்போது பிடிபடும்.

மற்றபடி 50 மணி நேரம் வீட்டுப் பயிற்சி, அதில் 10 இரவில். பக்கத்தில் இருப்பவர் 25 வயது நிறைந்த, கலிபோர்னியா லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும். இங்கே வந்து உள்ளூர் லைசென்ஸ் எடுக்காத தாத்தாவோ மாமாவோ உட்கார்ந்தால் செல்லாது. பெர்மிட்டை 6 மாதம் வைத்திருந்தாக வேண்டும், வயதும் 16 நிறைய வேண்டும். அந்த ஆறு மாதத்தை வெறுமனே கழித்துவிட்டு கடைசி மூன்று வாரத்தில் 50 மணி நேரத்தைத் திணிக்கிற வீடுகள் நிறைய. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும், மழை, இருட்டு, பள்ளி விடும் நேர நெரிசல் எல்லாம் தானாகவே பழகிவிடும்.

ஓட்டும் தேர்வு முதலில் நிற்கிற காரில் தொடங்குகிறது. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், கைச்சைகை எல்லாம் பார்ப்பார்கள். வைப்பர், கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் டிஃப்ராஸ்டர், நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் அபாய விளக்கு, ஹேண்ட் பிரேக் எங்கே இருக்கின்றன என்று கேட்பார்கள். கடன் வாங்கிய காரில் போனால் முந்தின நாளே தொட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். காரின் பதிவும் இன்ஷூரன்ஸ் சான்றும் இல்லையென்றால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சாலையில் 15 சிறு தவறுகள் வரை பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரே ஒரு பெரிய தவறு போதும், தேர்வு போச்சு. அதில் முதலிடம் ஸ்டாப் சைன். பிள்ளை நின்றதாக நினைக்கும், சக்கரமோ மெல்ல உருண்டுகொண்டே இருக்கும். முழுசாக நின்றால், பிரேக்கில் தாழ்ந்திருந்த காரின் மூக்கு லேசாக எழும்பி, உடம்பு பின்னால் சாய்ந்து சீட்டில் படியும். அந்த அசைவு தெரிந்த பிறகு கால் எடுக்கப் பழக்குங்கள். புதர் மறைக்கிறது என்று, நிற்க வேண்டிய வெள்ளைக் கோட்டைத் தாண்டி வந்து நிற்பதும் தவறு. முதலில் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், பிறகு மெல்ல ஊர்ந்து பார்க்கலாம்.

அடுத்தது தலை. லேன் மாறும்போது கண்ணாடியைக் கண்ணால் மட்டும் பார்த்தால் பக்கத்தில் இருக்கும் தேர்வாளருக்குத் தெரியாது. தோளுக்கு மேல் தலை திரும்ப வேண்டும். ஓரத்தை ஒட்டி மூன்று கார் நீளம் நேராக ரிவர்ஸ் எடுக்கச் சொல்வார்கள். கேமரா திரையையே பார்த்துக்கொண்டு வந்தால் மதிப்பெண் போகும், உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்க்க வேண்டும். வலது பக்கம் திரும்பும் முன் பைக் லேன் (சைக்கிள்களுக்கான தடம்) இருந்தால், கடைசி 200 அடிக்குள் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அதற்குள் நுழைந்துதான் திரும்ப வேண்டும். இதை வீட்டில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, நாமே அப்படி ஓட்டுவதில்லை என்பதுதான் காரணம். பயந்து ஊர்ந்தாலும் ஆபத்து: சூழ்நிலைக்குத் தகுந்த வேகத்தைவிட மணிக்கு 10 மைல் குறைவும் பெரிய தவறுதான்.

தவறினால் 14 நாள் கழித்து மறுபடி போகலாம்.

லைசென்ஸ் கிடைத்ததும் இன்ஷூரன்ஸில் பெயரைச் சேருங்கள். முதல் 12 மாதம் இரவு 11 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டக்கூடாது, 20 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றக்கூடாது. பெற்றோரோ 25 வயதான லைசென்ஸ்காரரோ கூட இருந்தால் தடையில்லை. பள்ளி, வேலை, மருத்துவம் போன்ற தேவைக்கு விலக்கு உண்டு, ஆனால் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு காரில் இருக்க வேண்டும். போன் மட்டும், அவசர உதவிக்கான அழைப்பைத் தவிர, 18 வயது வரை கூடாது, ப்ளூடூத்தில் பேசுவதும் சேர்த்துத்தான். அதனால் பிள்ளை ஓட்டிக்கொண்டிருக்கும் நேரம் தெரிந்தால் நீங்களும் அழைக்காதீர்கள்.