மொத்த அளவு மட்டும் போதாது

கோலாலம்பூரின் செந்தூல் பகுதி அடுக்குமாடிகளுக்குப் பின்னால் எங்கள் குடியிருப்பு மக்கள் சிறு பாத்திகளில் கீரை போடுகிறார்கள். மண் பரிசோதனை முடிவு வந்ததிலிருந்து எல்லார் கண்ணும் ஒரே வரியில் நிற்கிறது: காரீயம், மொத்த அளவு. "தம்பி, இந்தக் கீரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" என்று பக்கத்துப் பாத்தி அக்கா கேட்டார். மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன் நான். அந்த ஒரு எண்ணை வைத்து அவருக்குப் பதில் சொல்ல முடியாது.

மொத்த அளவைக் காண, மண்ணைக் கடுமையான அமிலத்தில் கொதிக்க வைக்கிறோம். எந்த வேரும் அப்படிச் செய்வதில்லை. மண்ணின் ஈரத்தில் கரைந்திருப்பதைத்தான் வேர் உறிஞ்சும். மற்றதெல்லாம் களிமண்ணிலும் மக்கிலும் இரும்பு ஆக்சைடிலும் ஒட்டிக்கிடக்கும்.

நம் சிவந்த மண்ணில் பயிர்ச்சத்தான பாஸ்பரஸின் கதியும் இதுதான். உரம் கொட்டினாலும் இரும்பும் அலுமினியமும் அதைப் பற்றிக்கொள்கின்றன. அப்பா வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்த பாறைப் பாஸ்பேட் தூளைப் போடுவார்கள். புளித்த, அதாவது அமிலத்தன்மையுள்ள மண்ணில் மட்டுமே அது மெல்லக் கரைந்து மரத்துக்குக் கிடைக்கும். அதே புளிப்புதான் காட்மியம் என்ற நச்சு உலோகத்தையும் மண்ணின் பிடியிலிருந்து அவிழ்த்துவிடுகிறது. காட்மியம் இலைக்கு எளிதாக ஏறும்; கீரை உண்பவர்கள் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

காரீயம் அப்படியல்ல. பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். ஆபத்து இலைமேல் ஒட்டிய புழுதியிலும் பிள்ளைகளின் கையிலும் இருக்கிறது. மண்ணில் இறுகிக்கிடந்த காரீயத்தில் ஒரு பகுதியை இரைப்பையின் அமிலம் கரைத்துவிடும். வேருக்குக் கிடைக்காதது குழந்தையின் உடலுக்குக் கிடைக்கும் என்பதை நினைத்தாலே எனக்குப் பதைக்கிறது.

"சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடும்" என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். பிஎச் என்பது புளிப்பின் அளவுகோல்; எண் குறைந்தால் புளிப்பு அதிகம். அது 4.5-லிருந்து 6.5-க்கு உயர்ந்தால் காட்மியமும் காரீயமும் பெரும்பாலும் அடங்கும், உண்மைதான். ஆனால் ஆர்சனிக் என்ற நச்சு எதிர்த்திசையில் போகக்கூடும்; புளிப்பு குறையும்போது அது அவிழ்ந்துவிடலாம். வெள்ளீயத் தாதோடு ஆர்சனிக் கனிமமும் சேர்ந்து கிடைப்பதுண்டு. இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ இடங்கள் பழைய வெள்ளீயச் சுரங்க நிலங்கள். ஆர்சனிக்கைச் சோதிக்காமல் சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அக்காவிடம் இவ்வளவு சொன்னேன்: இப்போதைக்குக் கீரை பறிப்பதை நிறுத்துங்கள். வெற்று மண் தெரியாமல் பாத்தியை வைக்கோலால் மூடுங்கள். தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகள் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. புதிய மாதிரியில் பிஎச், ஆர்சனிக், வேருக்குக் கிடைக்கும் காட்மியம் மூன்றையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.