ஒரு தொட்டிக்கு ஒரு கூட்டம்

60 செ.மீ. தொட்டியில் நியான் டெட்ரா நாலு, ஜீப்ரா டேனியோ நாலு, டைகர் பார்ப் நாலு. புதிதாக மீன் வளர்க்க வருபவர்கள் அடிக்கடி போடும் கணக்கு இது. முதல் வாரம் கலர்கலராக அழகாகத்தான் இருக்கும். போகப்போக நியான்கள் ஹீட்டருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்ளும். டைகர் பார்ப்கள் கண்ணில் பட்ட வாலையெல்லாம் கடிக்கும். ஜீப்ரா நாள் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் ஓடி மற்ற மீன்களை நிம்மதியாக இருக்க விடாது. அதே பன்னிரண்டு மீனும் ஒரே வகையாக இருந்திருந்தால் இத்தனை தொல்லை இல்லை.

கூட்டத்தில் இருக்கும் சின்ன மீனுக்குக் காவல் வேலை பகிர்ந்து கிடைக்கிறது. பத்து ஜோடிக் கண்கள் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மீன் தைரியமாக இரை தேடலாம். நாலே மீன் என்றால் நாலும் எப்போதும் உஷாராகவே இருக்கும், சரியாகச் சாப்பிடாது, நிறம் மங்கும், நோய் சீக்கிரம் தொற்றும். டைகர் பார்ப் கதை கொஞ்சம் வேறு. அவற்றுக்குள் யார் பெரியவர் என்ற சண்டை ஓயாது. பத்து மீன் இருந்தால் அடி எல்லாருக்கும் பிரிந்து போய்விடும், நாலு இருந்தால் ஒரே மீன்மேல் விழும், இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் கப்பி வாலில் விழும். ஆறு என்பதைக் குறைந்தபட்சமாகவும் பத்து, பன்னிரண்டை நல்ல எண்ணிக்கையாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகை என்பதைக் கடையில் போய் முடிவு செய்யாதீர்கள். முதலில் வீட்டுத் தண்ணீரை அளந்து பாருங்கள்: பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு), கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு), நாளின் சூடான நேரத்தில் தொட்டியின் வெப்பநிலை. டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் உப்பு மொத்தத்தையும்தான் காட்டும், கடினத்தன்மைக்குத் தனி டெஸ்ட் கிட் வேண்டும்.

கார்டினல் டெட்ரா, அமேசானின் கிளையாறான ரியோ நீக்ரோ பக்கத்து மீன். அங்கே தண்ணீர் மிக மென்மையானது, அமிலத்தன்மை கொண்டது. அதைக் கடினநீரில் விட்டுப் போராடுவதைவிட ஜீப்ரா டேனியோவோ செர்ரி பார்போ வாங்குவது மேல், இரண்டும் பிஎச் 7.5 வரை சிரமமில்லாமல் இருக்கும். நியானும் கார்டினலும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அடையாளம் எளிது. நியானில் சிவப்பு உடலின் பின்பாதியில் மட்டும் ஓடும், கார்டினலில் தலையடி தொடங்கி வால்வரை ஓடும். சூட்டிலும் வித்தியாசம் உண்டு. நியானுக்கு 22 முதல் 25 டிகிரி வசதி. 28 டிகிரியிலேயே நிற்கும் தொட்டி என்றால் கார்டினல் தாங்கும், ரம்மி நோஸ் டெட்ராவும் தாங்கும். ஒயிட் கிளவுட் குளிர்ந்த தண்ணீர் மீன், சூடான தொட்டியில் அதன் ஆயுள் குறைந்துவிடும். தண்ணீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்பதால் வெயில் காலத்தில் ஏர் பம்பை நிறுத்தாதீர்கள்.

அடுத்தது இடம். 60×30×36 செ.மீ. தொட்டி கணக்குப்படி கிட்டத்தட்ட 65 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 50 லிட்டர்தான் தேறும். அதில் பன்னிரண்டு நியான், அல்லது பத்து ஹார்லெகுவின் ராஸ்போரா, அல்லது பதினைந்து எம்பர் டெட்ரா தாராளமாக இருக்கும். எம்பர் 2 செ.மீ.தான் வளரும், இருண்ட மணலும் அடர்ந்த செடியும் வைத்தால் தணல் போலத் தெரியும். ஜீப்ரா டேனியோவும் ரம்மி நோஸும் சின்ன மீன்கள்தான், ஆனால் இரண்டும் நீளமாக ஓடுபவை. 90 செ.மீ. தொட்டி இருந்தால் மட்டும் அவற்றை எடுங்கள். இத்தனை லிட்டருக்கு இத்தனை மீன் என்ற சூத்திரத்தில் ஓட்டம் கணக்கில் வராது, அதனால் லிட்டரைவிட நீளத்தையே பெரிதாகப் பாருங்கள்.

மீனை வாங்குவதற்கு நாலு முதல் ஆறு வாரம் முன்பே ஃபில்டரை ஓடவிட்டு, அமோனியா சேர்த்து, பாக்டீரியா வளர விட வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவது இந்தப் பாக்டீரியாதான். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகுதான் மீன். புதுத் தொட்டியில் நியான் நிற்காது என்று பலர் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த அவசரம்தான்.

கடையில் பத்து நிமிடம் அந்தத் தொட்டி முன்னால் அசையாமல் நில்லுங்கள். கூட்டத்தைவிட்டுத் தனியே ஒரு மூலையில் நிற்கும் மீன் இருக்கிறதா? வயிறு ஒட்டியிருக்கிறதா, துடுப்பு உடலோடு ஒட்டி மடங்கியிருக்கிறதா, செவுள் வேகமாக அடிக்கிறதா? நியானில் அந்த நீலக்கோட்டையும் சிவப்பையும் ஊன்றிப் பாருங்கள். நடுவில் சுண்ணாம்பு தடவியது போல வெளிறிய திட்டு இருந்தால் அது நியான் டெட்ரா நோயாக இருக்கலாம். தசைக்குள் வளரும் ஒட்டுண்ணியால் வருவது, இதற்கு நம்பகமான மருந்து கிடையாது. அந்தத் தொட்டியில் ஒரு மீன் அப்படி இருந்தாலும் மற்றதையும் வாங்காதீர்கள். பல தொட்டிகளுக்கு ஒரே ஃபில்டர் ஓடும் கடை என்றால் பக்கத்துத் தொட்டிகளையும் பார்த்துவிடுங்கள். கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள், பாய்ந்து வந்து தின்னும் மீன்தான் பிழைக்கும். நேற்று வந்திறங்கிய மீன் என்றால் ஒரு வாரம் பொறுத்துப் போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கவரை 15 நிமிடம் தண்ணீரில் மிதக்கவிட்டு, வெப்பநிலை சமமானதும் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கவர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். வெகுதூரம் வந்த கவரில் அமோனியா சேர்ந்திருக்கும். மூடியிருக்கும்வரை கார்பன் டை ஆக்சைடு பிஎச்சைத் தாழ்த்தி அதன் விஷத்தை அடக்கி வைத்திருக்கும். திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அமோனியாவின் விஷம் கூடும். அதனால் கவரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலப்பது இப்படி வந்த மீனுக்குக் கெடுதல்.

வேறு மீன் ஏற்கெனவே இருக்கும் தொட்டி என்றால் புதியவற்றை மூன்று வாரம் தனியே வையுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்ட 20 லிட்டர் டப்பா போதும். பெரிய தொட்டி ஃபில்டரின் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள், இல்லையென்றால் எம்பர் அளவு மீன் அந்த வாயில் ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். இந்த மீன்களின் வாய் மிகச் சிறியது, அதனால் ஃபிளேக் தீனியை விரலால் பொடித்துப் போட வேண்டும். இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஏஞ்சல் மீனோடு நியானை விடாதீர்கள், ஏஞ்சல் வளர்ந்ததும் நியான் அதற்கு இரை.

காலையில் விளக்குப் போட்டதும் நியான்கள் நிறமில்லாமல் வெளிறி நின்றால் பதற வேண்டாம். இருட்டில் அவற்றின் பளபளப்பு அடங்கிவிடும், கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும். பகல் முழுக்க எல்லாம் ஒரே பந்தாக இறுகி நின்றால்தான் ஏதோ பயமுறுத்துகிறது என்று அர்த்தம். பழகிய நியான்கள் தளர்ந்து பரவி மேயும், ஆள் நிழல் விழுந்தால் மட்டும் சேரும்.

ரம்மி நோஸ் இதற்கு விலக்கு, பயமில்லாதபோதும் ஒன்றாகவே திரும்பும். அதன் தலைச் சிவப்பு தண்ணீர் நிலையைக் காட்டிக்கொடுக்கும். பகலிலும் அது மங்கியே இருந்தால் அன்றே அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் அளந்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.