தேதிப் பெட்டி எப்போது தயார்?

மார்ச் 4, செவ்வாய்

புக்கிங் படிவத்தில் ஒரு தேதி கம்போனென்ட் இருக்கிறது, நாமே பெயர் வைத்து உருவாக்கும் எச்டிஎம்எல் டேக் (கஸ்டம் எலிமெண்ட்). அதன் செட்ரேஞ்ச் மெத்தடைக் கூப்பிட்டால், அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று கன்சோலில் சிவப்பு வரி. டேக் வெப் பக்கத்தில் இருக்கிறது, தேடினால் குவரிசெலக்டரும் எடுத்துக் கொடுக்கிறது, ஆனால் ஸ்கிரிப்ட் வந்து, டேக்கை அதன் கிளாஸோடு இணைக்கும் கஸ்டம்எலிமெண்ட்ஸ்.டிஃபைன் ஓடும்வரை பிரவுசருக்கு அது வெறும் எச்டிஎம்எல்எலிமெண்ட்தான். பக்கத்தின் எச்டிஎம்எல்லைப் படித்து முடித்ததும் வரும் டாம்கன்டென்ட்லோடட் ஈவென்ட் போதாதா என்று டீமில் கேட்டார்கள். சாதாரண மாட்யூல் ஸ்கிரிப்டாக இருந்தால் போதும். இங்கே டைனமிக் இம்போர்ட் (கோடு ஓடும்போது ஃபைலை இறக்குவது), அதற்கெல்லாம் அந்த ஈவென்ட் காத்திருக்காது. பழைய கோடில் யாரோ செட்டைம்அவுட் 500 (அரை நொடி காத்திருப்பு) போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள், ஆபீஸ் வைஃபையில் ஓடுகிறது, வேகத்தை 3ஜிக்கு இறக்கினால் படுத்துவிடுகிறது.

மார்ச் 5, புதன்

கஸ்டம்எலிமெண்ட்ஸ்.வென்டிஃபைண்ட்தான் சரியான வழி. டேக் பெயரைக் கொடுத்தால், அது டிஃபைன் ஆனதும் முடியும் ஒரு ப்ராமிஸ் (பிறகு வரும் பதிலுக்கான டோக்கன்) தருகிறது, ஏற்கெனவே டிஃபைன் ஆகியிருந்தால் உடனே முடிந்துவிடும், அதனால் யார் முந்தி வந்தார்கள் என்ற கவலை இல்லை. பக்கத்தில் பல கம்போனென்ட் இருந்தால் இன்னும் டிஃபைன் ஆகாதவற்றை ':நாட்(:டிஃபைண்ட்)' செலக்டரால் பிடித்து, பெயர்களை மட்டும் எடுத்து, எல்லாம் முடியும்வரை காத்திருக்கும் ப்ராமிஸ்.ஆல் போட்டுவிடலாம்.

ஒரு வில்லங்கம்: ஸ்கிரிப்ட் ஃபைலே சர்வரில் கிடைக்காமல் 404 வந்தால் இந்த ப்ராமிஸ் தோற்காது, ஜெயிக்கவும் செய்யாது, அப்படியே தொங்கும். அதனால் முதலில் முடிவதை எடுத்துக்கொள்ளும் ப்ராமிஸ்.ரேஸில் ஒரு டைமரையும் சேர்த்தேன். டைமர் முந்தினால் சாதாரண டேட் இன்புட்டைக் காட்டிவிடும்.

மார்ச் 7, வெள்ளி

மெத்தட் இப்போது கிடைக்கிறது, ஆனால் ஷேடோரூட்டுக்குள் (கம்போனென்ட்டின் தனி உள்பகுதி) பட்டனைத் தேடினால் நல், அதாவது ஒன்றுமில்லை. லிட் என்ற லைப்ரரியில் எழுதிய கம்போனென்ட் இது, டிஃபைன் ஆனதும் உடனே வரையாது, ஓடும் கோடு முடிந்ததும் வரும் மைக்ரோடாஸ்க்கில்தான் வரையும். வென்டிஃபைண்ட் முடிந்த பிறகு வரைந்து முடித்ததைச் சொல்லும் அப்டேட்கம்ப்ளீட் ப்ராமிஸுக்கும் அவெய்ட் போட்டுக் காத்திருந்ததும் பட்டன் வந்தது. ஸ்டென்சில் என்ற இன்னொரு கம்போனென்ட் கருவியில் இதற்குக் கம்போனென்ட்ஆன்ரெடி இருக்கிறது. வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் பொதுவான வழி எதுவும் கிடையாது, எழுதுகிறவர்தான் ரெடி என்று ஒரு ப்ராமிஸ் வைக்க வேண்டும், வைக்காதவர்கள்தான் அதிகம், அப்புறம் பயன்படுத்துகிறவன் தலையில் செட்டைம்அவுட் விழுகிறது. விடுமுறைப் பட்டியல் சர்வரிலிருந்து வருவதை அந்த ரெடியில் சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி, அதற்குத் தனி ஈவென்ட் போதும்.

மார்ச் 10, திங்கள்

இன்னொரு படிவத்தில் வேறு கம்போனென்ட், லிட் இல்லை. டிஃபைன் ஆகும் முன்பே வேல்யூவை வைத்துவிட்டால், அது எலிமெண்ட் மேலேயே ஒட்டிக்கொண்டு கிளாஸில் உள்ள செட்டரை (மதிப்பு வைக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) மறைத்துவிடுகிறது. எர்ரர் வராது, திரையும் மாறாது. எலிமெண்ட் பக்கத்தில் சேரும்போது ஓடும் கனெக்டெட்கால்பேக்கில், மதிப்பு எலிமெண்ட் மேலேயே ஒட்டியிருக்கிறதா என்று ஹேஸ்ஓன்ப்ராபர்டியால் பார்த்து, மதிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, டிலீட் செய்து, திரும்ப வைத்தால் செட்டர் ஓடுகிறது. லிட் இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.