நெறியாளருக்கு மறதி உண்டு

முனைவர் பட்ட ஆய்வில் சேரப்போகும் இளையவர்கள், தங்களை வழிநடத்தப்போகும் நெறியாளரைப் பற்றி என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அந்த மேடம் எப்படி அக்கா?" என்பதுதான். கோபக்காரரா, அத்தியாயங்களைச் சீக்கிரம் படித்துத் தருவாரா, வெளிமாநாடுகளுக்கு அனுப்புவாரா? என் பதில் அவர்களுக்கு ருசிப்பதில்லை. எப்பேர்ப்பட்ட நெறியாளராக இருந்தாலும் உங்கள் ஆய்வு அவருக்கு நினைவில் இருக்காது. முதலில் இதை ஏற்றுக்கொள்ளுங்கள், குணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

இதில் யாருக்கும் அவமரியாதை இல்லை. மண்ணில் நைட்ரேட் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் சில ஆண்டுகள் வாழ்ந்தவள் நான். என் நெறியாளரோ வகுப்பு எடுத்து, விடைத்தாள் திருத்தி, நிதி விண்ணப்பம் ஒன்றை முடித்து, மற்ற ஆய்வு மாணவர்களின் சிக்கல்களையும் கேட்டுவிட்டு என் முன்னால் வந்து உட்காருபவர். போன சந்திப்பில் "எல்லாவற்றையும் உலர் எடைக்கு (ஈரம் நீக்கிய மண்ணின் எடைக்கு) மாற்றிக் கணக்கிடு" என்று சொன்னவர், இந்தச் சந்திப்பில் "ஏன் உலர் எடையில் கொடுத்திருக்கிறாய்?" என்பார். ஆய்வகத்தில் உடனே முணுமுணுப்பு கிளம்பும்: மேடம் மாற்றி மாற்றிப் பேசுகிறார். அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, சொன்னதை மறந்துவிட்டார், அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் மனம் கசந்து போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நினைவு வைத்துக்கொள்வது மாணவரின் வேலை. சந்திப்புக்கு முந்தைய நாளே ஒரு பக்கக் குறிப்பு அவருக்குப் போய்விட வேண்டும். சென்ற முறை என்ன முடிவானது, அதற்குப் பின் என்ன செய்தேன், எங்கே நிற்கிறேன், இப்போது அவர் எதை முடிவு செய்ய வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிதான் உயிர். "தரவுகளைப் பார்த்துச் சொல்லுங்கள் மேடம்" என்பது கேள்வியே அல்ல. "15 செ.மீ. வரையுள்ள மேலடுக்கையும் அதற்குக் கீழுள்ள அடுக்கையும் சேர்த்துச் சராசரி எடுக்கலாமா, தனித்தனியாகக் காட்டலாமா? மேலடுக்கில்தான் உரத்தின் விளைவு தெரிகிறது, அதனால் தனித்தனியாகக் காட்டலாம் என்பது என் எண்ணம்" என்று எழுதினால், வகுப்புக்கு நடந்துகொண்டே கைபேசியில் "சரி" என்று அனுப்பிவிட முடியும். ஆமாம், மாணவர் தன் எண்ணத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். நெறியாளர் என்ன நினைப்பாரோ என்று அதை மறைத்துவைப்பது பணிவாகத் தோன்றலாம். உண்மையில் யோசிக்கும் சுமையையும் அவர் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

பேசி முடித்த அன்று மாலையே இன்னொரு மின்னஞ்சல்: "இன்று பேசியதை இப்படிப் புரிந்துகொண்டேன், பிழையிருந்தால் திருத்துங்கள்." என் மேடம் இவற்றுக்குப் பெரும்பாலும் பதில் போட்டதில்லை. போடவும் வேண்டாம். என் ஆய்வின் போக்கை மதிப்பிடும் ஆய்வுக் குழுவின் கூட்டத்தில் ஒருவர், "மூன்றாவது வயலை ஏன் கைவிட்டீர்கள்?" என்று கேட்டபோது நாங்கள் இருவருமே காரணத்தை மறந்திருந்தோம். அந்த மின்னஞ்சல் மறக்கவில்லை.

வரைவுகள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாதம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லாமல் ஓர் அத்தியாயத்தைக் கொடுத்தால் காற்புள்ளிகள் திருத்தப்பட்டுத்தான் திரும்பி வரும், ஏனென்றால் களைத்த கண்ணுக்கு முதலில் படுபவை அவைதான். வரைபடங்களையும் துணைத்தலைப்புகளையும் மட்டும் அடுக்கி முதலில் அனுப்புங்கள், திருத்துவதற்கு அங்கே காற்புள்ளியே இருக்காது. அவருடைய குறிப்புகள் வந்த பிறகு, இதழ் மதிப்பீட்டாளர்களுக்கு எழுதுவது போலவே ஒவ்வொரு குறிப்புக்கும் என்ன செய்தேன், எந்தப் பக்கத்தில் என்று ஒரு அட்டவணை போட்டுத் திருப்பி அனுப்பலாம். ஏற்காதவற்றையும் காரணத்தோடு அதில் சேர்க்க வேண்டும். சத்தமில்லாமல் விட்டுவிட்ட குறிப்பு அடுத்த முறை இரட்டைக் கோபத்தோடு வரும்.

மாறுபட்ட கருத்து வரும்போது என்ன செய்வது? எனக்குப் பிடித்த உதாரணம் ஜோசலின் பெல். 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவி. அவருடைய ரேடியோ தொலைநோக்கி நாளொன்றுக்கு 30 மீட்டர் அளவுக்குக் காகிதத்தில் கோடு போட்டுத் தள்ளும், அவர் அதைக் கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டும். விண்ணிலிருந்து வழக்கமாக வரும் சமிக்ஞையாகவும் தெரியாத, மனிதர் உண்டாக்கும் இடையூறாகவும் தெரியாத ஒரு சிறு கிறுக்கலை, வானத்தின் அதே பகுதியிலிருந்து முன்பும் பார்த்ததாக நினைவு வந்து, பழைய காகிதங்களைத் தேடி எடுத்து நெறியாளர் ஆன்டனி ஹியூயிஷிடம் பேசினார். வேகமாக ஓடும் பதிவுக்கருவியில் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. நவம்பர் இறுதியில், ஏறத்தாழ 1.3 விநாடிக்கு ஒன்றாகச் சீரான துடிப்புகள் பதிவாயின. தொலைபேசியில் கேட்ட ஹியூயிஷ், இது மனிதர் உண்டாக்கிய சமிக்ஞையாகத்தான் இருக்கும் என்றார். ஆனால் மறுநாள் தானே ஆய்வுக்கூடத்துக்கு வந்து நின்று பார்த்தார். முதல் பல்சர், அதாவது சீரான துடிப்புகளாக ரேடியோ அலை அனுப்பும் விண்பொருள், கண்டறியப்பட்டது இப்படித்தான். மாணவி தொலைபேசியில் வாதாடி வென்றுவிடவில்லை, காகிதத்தைக் காட்டினார். நெறியாளர் நம்பவில்லை, ஆனாலும் பார்க்க வந்தார். இப்படி ஒருவர் கிடைத்தால் அவருடைய முன்கோபத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

கதையின் பின்பாதி அவ்வளவு இனிப்பாக இல்லை. 1968இல் வெளிவந்த கட்டுரையில் ஹியூயிஷ் முதல் பெயர், பெல் இரண்டாவது. 1974ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு ஹியூயிஷுக்கும் இன்னொரு வானியலாளரான மார்ட்டின் ரைலுக்கும் போனது, பெல்லுக்கு இல்லை. பெல் இதைப் பெரிய குறையாகச் சொல்லவில்லை, அவருக்காக மற்றவர்கள்தான் இன்றும் கொதிக்கிறார்கள். எனக்கும் கொதிக்கத்தான் செய்கிறது.

அதனால் கட்டுரையில் யார் பெயர், எந்த வரிசையில் என்ற பேச்சை முதல் வாக்கியம் எழுதுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். கூச்சமாக இருந்தால் விதிகளைத் துணைக்கு அழைக்கலாம். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, ஒருவர் கட்டுரையின் ஆசிரியராகக் கருதப்படுவதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது, நான்கும் நிறைவேற வேண்டும். நிதி பெற்றுத் தந்ததாலோ, ஆய்வு செய்பவர்களைப் பொதுவாக மேற்பார்வையிட்டதாலோ மட்டும் ஒருவர் ஆசிரியர் ஆகிவிட முடியாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. ஆய்வில் யார் என்ன செய்தார் என்று குறிக்கப் பல இதழ்கள் கேட்கும் 'கிரெடிட்' பட்டியலில் 14 வகைப் பங்களிப்புகள் உள்ளன. அதை அச்சிட்டு மேசையில் வைத்து, "இதை இப்போதே நிரப்பிவிடலாமா மேடம்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.

மறதியால் வராத துன்பங்களும் உண்டு. மாணவரின் தரவைத் தன் பெயரில் வெளியிடுபவர், வீட்டு வேலை ஏவுபவர், எல்லோர் முன்னும் இழிவுபடுத்துபவர். இவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு எந்த வகையிலும் உதவாது. இணை நெறியாளர், ஆய்வுக் குழு, துறைத் தலைவர் என்று படியேற வேண்டும், தேவையானால் நெறியாளரை மாற்ற வேண்டும். அப்படிப் படியேறும்போது, தேதியோடு கிடக்கும் அந்தப் பழைய மின்னஞ்சல்கள் சாட்சிக்கு வரும்.

பதிலே வராவிட்டால்? சின்ன முடிவுகளுக்கு என் வழி இது: "வெள்ளிக்கிழமைக்குள் மாற்றுக் கருத்து வராவிட்டால், திங்களன்று இந்த முறையிலேயே மாதிரிகளைப் பகுப்பாய்வுக்கு அனுப்பிவிடுகிறேன்." பெரும்பாலும் வியாழன் இரவே பதில் வந்துவிடும். கட்டுரையை இதழுக்கு அனுப்புவதற்கு மட்டும் இந்த உத்தி கூடாது. அதற்கு எழுத்தில் ஒப்புதல் கிடைக்கும்வரை அறை வாசலில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.