இரண்டு பெனால்டி, ஒரு நீல் எதெரிட்ஜ்

லண்டன் என்ஃபீல்டில் பிறந்து செல்சீ கால்பந்து கிளப்பின் அகாடமியில் வளர்ந்த கோல்கீப்பர் நீல் எதெரிட்ஜ். அப்பா ஆங்கிலேயர், அம்மா பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர். 2008-லேயே பிலிப்பைன்ஸ் அணிக்காக ஆட ஆரம்பித்துவிட்டார். தென்கிழக்கு ஆசிய நாடுகள் மோதும் 2010 சுசூகி கோப்பையில், ஹனோயில் வைத்தே வியட்நாமை 2-0 என்று வீழ்த்தினார்களே, அன்றைக்கு கோல் முன்னால் நின்றவர் இவர்தான்.

ஆனால் கிளப் வாழ்க்கை அவ்வளவு லேசாக இல்லை. 2014-ல் அவர் இருந்த ஃபுல்ஹாம் கிளப் விடுவித்த பிறகு கீழ் டிவிஷன்களில் அலைந்து, வால்சால் கிளப்பில்தான் நிலையான இடம் கிடைத்தது. அங்கிருந்து 2017-ல் கார்டிஃப் கிளப், அடுத்த ஆண்டே அந்த அணியோடு இங்கிலாந்தின் உச்ச டிவிஷனான பிரீமியர் லீக். அதில் ஆடிய முதல் பிலிப்பைன்ஸ் வீரர் அவர். 2018 ஆகஸ்டில் போர்ன்மத்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே காலம் வில்சனின் பெனால்டியைத் தடுத்தார், சரி, ஒருமுறை நடக்கும் என்று விடலாம், அடுத்த வாரமே நியூகாசில் ஆட்டத்தில் 90 நிமிடம் முடிந்து சேர்த்த கூடுதல் நேரத்தில் கெனடியின் பெனால்டியையும் தடுத்து 0-0 என்று காப்பாற்றினார்! எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

பிலிப்பைன்ஸ் முதன்முதலாக ஆடிய 2019 ஆசியக் கோப்பையை மட்டும் கார்டிஃபுக்காக விட்டுவிட்டார். அதற்காக அவரைக் குறை சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கீழ் டிவிஷனில் அத்தனை வருடம் காத்திருந்தவருக்கு அந்த இடத்தின் அருமை தெரியும்.