ஞாயிற்றுக்கிழமைக் கணினி வகுப்பில் சேரும் முன்

அரச தொழிற்பயிற்சி நிலையங்கள் பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் ஆட்களைச் சேர்ப்பதால், அந்த மாதங்கள் நெருங்கும்போது ஹட்டன் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களில் தனியார் கணினி வகுப்புகளின் விளம்பரங்களும் போட்டி போட்டுக்கொண்டு ஒட்டப்படுகின்றன. ‘வேலை செய்வோருக்கு ஏற்ற நேரம்’, ‘வார இறுதியில் படிக்கலாம்’, ‘வீட்டிலிருந்தே டிப்ளோமா’ என்று எல்லாமே ஏறத்தாழ ஒரே வாக்குறுதியைத் தருகின்றன. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வேலைக்குப் போகும் தாய்மாரின் சிறுபிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தைப் பொறுப்பாக நடத்திவரும் நான், நாற்பதை நெருங்கும் வயதில் அத்தகைய வகுப்பொன்றில் சேர்ந்து படித்து முடித்தவள் என்பதால், சேர நினைப்பவர்கள் என்னிடம் வந்து விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் கேட்கவேண்டியது வகுப்பு எத்தனை மணிக்கு என்பதன்று. ஒரு ஞாயிறு வர முடியாமற் போனால் தவறிய பாடத்துக்கு என்ன ஏற்பாடு என்பதே. தோட்டத்தில் வாழ்பவருக்கு ஞாயிறு முழுவதும் சொந்தமான நாளன்று. கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் அன்றும் கைக்காசுக்குப் பறிக்கப் போகவேண்டியிருக்கும். திருவிழா, சாவு, சடங்கு, பிள்ளையின் புலமைப்பரிசில் வகுப்பு என்று ஏதாவதொன்று குறுக்கிடும். மாலை நேர வகுப்போ ஹட்டன் நகரத்தில் குடியிருப்பவருக்கே பொருந்தும். டிக்கோயாவையும் நோர்வூட்டையும் கடந்து பொகவந்தலாவை வரை வந்து, அங்கிருந்து தோட்டத்து உட்பாதையில் ஏறவேண்டியவருக்கு இருட்டிய பின் முச்சக்கர வண்டியை விட்டால் வேறு வழியில்லை. அந்த வாடகையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் குறைந்த கட்டணம் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதற்கு அர்த்தமே இல்லாமற் போய்விடும்.

நான் முதலில் பணம் கட்டிய தனியார் நிலையத்தில், தவறிய பாடத்தை வேறொரு பிரிவினருடன் அமர்ந்து படிக்கலாம் என்றார்கள். அதை நம்பிப் போனபோது அந்தப் பிரிவே கலைக்கப்பட்டிருந்தது. கையில் கிடைத்தது போட்டோக் கொப்பி எடுத்த குறிப்புத்தாள் மட்டுமே. அங்கே ஒரு கணினிக்கு மூவர் அமர்ந்தோம். மௌஸ் யார் கையில் இருந்ததோ அவர் படித்தார். மற்ற இருவரும் வேடிக்கை பார்த்தோம். பாடசாலைப் பிள்ளையாக இருந்தால் சண்டை பிடித்தாவது தன் முறையை வாங்கிக்கொள்ளும். எங்கள் வயதுப் பெண்களோ ‘பரவாயில்லை, நீங்க செய்யுங்க’ என்று விட்டுக்கொடுத்துவிட்டு வீடு திரும்புவார்கள். ஆகையால் கட்டணம் கட்டும் முன் ஒருநாள் வகுப்பு நடக்கும் நேரத்திலேயே நேரில் போய், ஒரு கணினிக்கு எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்று வாசலில் நின்றாவது பாருங்கள். அதைக் கூடப் பார்க்க விடாத நிலையத்தில் சேராமலிருப்பதே நல்லது.

அடுத்தது சான்றிதழ். இலங்கையில் தொழில் தகைமைகளை மதிப்பிடுவதற்கு, எல்லோரும் என்.வி.கியூ. என்று அழைக்கும் தேசிய தொழில் தகைமைச் சட்டகம் இருக்கிறது. அதில் 1 முதல் 4 வரையிலான மட்டங்கள் சான்றிதழ்கள், 5 உம் 6 உம் டிப்ளோமாக்கள், 7 ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது. இதைத் தெரிந்துகொண்டால், சில மாதங்களில் முடியும் வகுப்புக்குச் சுவரொட்டியில் டிப்ளோமா என்று போட்டிருப்பதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவு செய்யப்பட்டிருப்பது வேறு, குறித்த பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. பதிவு இலக்கத்தை மட்டும் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவைத்துவிட்டு, அங்கீகாரமில்லாத பாடநெறிக்கு ஆள் சேர்ப்பவர்கள் உண்டு; இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். சில பாடநெறிகளில் வகுப்பு முடிந்தபின் மாதக்கணக்கில் தொழிலகப் பயிற்சிக்கும் போகவேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது நல்ல வாய்ப்பு. சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துபவருக்கு அதுவே படிப்பை நிறுத்தவைக்கும் காரணமாகிவிடும். ஆகவே, இப்போது பார்க்கும் வேலையையே அந்தப் பயிற்சிக்குக் கணக்கில் எடுப்பார்களா என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வயது வரம்பையும் விசாரிக்க மறக்க வேண்டாம். இலவச வகுப்புகளில் சில இளைஞர்களுக்கு மட்டுமே உரியவை.

படிப்பு மொழியைப் பற்றி விளம்பரங்கள் பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. ‘மும்மொழியிலும்’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே போனால் விளக்கம் சிங்களத்தில், குறிப்பு ஆங்கிலத்தில், தமிழில் கிடைப்பது வரவேற்பு மட்டும் என்றிருக்கும். மலையகத்தில் தமிழ் மொழிமூலப் போதனாசிரியர்கள் போதுமான அளவில் இல்லை என்பது உண்மைதான். எனினும் மதிப்பீட்டின்போது வினாக்களை எந்த மொழியில் தருவார்கள், எந்த மொழியில் பதில் சொல்லலாம் என்பதைக் கேட்டறிவது நம் உரிமை. பிறகு நான் படித்து முடித்த நிலையத்தில் எங்கள் போதனாசிரியர் சிங்களவராக இருந்தும் தமிழில் நிதானமாக விளக்குவார். புரியவில்லை என்று யாராவது முகத்தைச் சுளித்தாலே, ‘அக்கா, திரும்பச் சொல்லவா?’ என்று கேட்டுவிடுவார். அப்படிப்பட்ட ஒருவர் கிடைத்தால் கட்டடம் பழையதாக இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

விண்ணப்பப் படிவத்துடன் கேட்கப்படும் ஆவணங்களில் தோட்ட மக்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும், தேசிய அடையாள அட்டையில் அதே பெயர் வேறு எழுத்துக்கூட்டலிலும், பாடசாலை விடுகைப் பத்திரத்தில் தகப்பன் பெயர் முன்பின்னாகவும் இருப்பது நம்மிடையே சர்வசாதாரணம். படிக்கும் காலத்தில் யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். சான்றிதழ் அச்சிடும் வேளையில்தான் சிக்கல் கிளம்பும். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி ஒன்றை முன்கூட்டியே முடித்து, பிரதிகளுடன் வைத்துக்கொள்வது பின்னால் வரும் அலைச்சலைக் குறைக்கும்.

இனி, உள்ளே என்ன படிக்கிறோம் என்பது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வரைவிலக்கணப்படி, தானாகவே கணினியைப் பயன்படுத்தத் தெரிந்த 5 முதல் 69 வயது வரையிலான எவரும் கணினி எழுத்தறிவுள்ளவரே. கணினியில் விளையாட்டு விளையாடத் தெரிந்த ஐந்து வயதுப் பிள்ளையும் அந்தக் கணக்கில் வந்துவிடும். இவ்வளவு தாழ்த்தி வைத்த அளவுகோலிலும் தோட்டத் துறைதான் நகரத்துக்கும் கிராமத்துக்கும் பின்னால் கடைசியில் நிற்கிறது. கொழுந்து பறித்துப் பழகிய விரல் தட்டச்சில் தானாக வேகம் பிடித்துவிடும் என்று எங்கள் வகுப்பின் திறப்பு விழாவில் ஒருவர் பேசினார், அப்படியொன்றும் இல்லை. மௌஸை அசைக்காமல் இரண்டு முறை அழுத்துவதற்கே என் நாத்தனார் முதல் வகுப்பு முழுவதும் பாடுபட்டார். பிறகு பழகிவிட்டது.

எனக்குப் பயன்பட்டது எக்செல் என்ற கணக்கு அட்டவணை மென்பொருள். பிள்ளை மடுவத்தில் ஒவ்வொரு மாதமும் பிள்ளைகளின் நிறையை எடுத்துப் பதிவேட்டில் எழுதுவோம். குடும்ப சுகாதார உத்தியோகத்தர் வந்து எந்தப் பிள்ளைக்கு நிறை கூடவில்லை என்று கேட்டால், பக்கங்களைப் புரட்டித்தான் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பில் தந்த பயிற்சி சப்பாத்துக் கடையொன்றின் விற்பனைக் கணக்கு. இடைவேளையில் போதனாசிரியரிடம், “சேர், இதற்குப் பதிலாக எங்கள் பிள்ளைகளின் நிறையைப் போடலாமா?” என்று கேட்டேன்; அவரும் சம்மதித்தார். இந்த மாத நிறையிலிருந்து சென்ற மாத நிறையைக் கழிக்கும் சூத்திரத்தை ஒரு கட்டத்தில் எழுதிக் கீழே இழுத்துவிட்டால் எல்லாப் பிள்ளைக்கும் விடை வந்துவிடும். விடை பூச்சியமாகவோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் கட்டம் தானாகச் சிவக்கும்படியும் செய்யலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: 9.8 என்று எண்ணை மட்டுமே தட்ட வேண்டும். பதிவேட்டில் எழுதுவதுபோல ‘9.8 கி.கி.’ என்று அலகையும் சேர்த்தால் எக்செல் அதைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டு, கழிக்கவேண்டிய இடத்தில் பிழைச் செய்தியைக் காட்டும். முடிந்தவரை உங்கள் வேலையிலிருந்தே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். வளர்ந்தவர்களுக்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் இல்லை என்பது என் எண்ணம்.

தமிழ்த் தட்டச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல நிலையங்களில் இன்றும் பாமினி எழுத்துருவையே கற்பிக்கிறார்கள். ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளையும் அரைப்புள்ளியையும் வரிசையாகத் தட்டினால் பாமினியில் ‘தமிழ்’ என்று தெரியும். அதே கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தாலோ அந்த ஐந்து குறிகளே திரும்பி நிற்கும். அச்சகத்துக்கு அது போதும். அரச அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பப் போதாது. எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யூனிகோட் முறைக்கு 2008 ஆம் ஆண்டின் இலங்கைத் தரநிலை 1326 இருக்கிறது. அதிலுள்ள ரெங்கநாதன் விசைப்பலகை பழைய தட்டச்சுப் பொறியின் வழியில் வந்தது என்பதால், பாமினி பழகியவருக்கு மாறுவது பெரிய கடினமன்று. இரண்டையும் கற்றுத்தருவார்களா என்று கேளுங்கள்.

வீட்டில் கணினி இல்லாதவர் பயிற்சிக்கு என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. கைபேசியில் எக்செல் போன்ற கூகுள் ஷீட்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. சூத்திரங்களைப் பழக அது தாராளம், ஆனால் தட்டச்சுக்கு உதவாது. பொதுமக்கள் கணினியையும் இணையத்தையும் பயன்படுத்துவதற்காக, தமிழில் அறிவகம் என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்த நெனசல நிலையங்கள் இ-ஸ்ரீலங்கா திட்டத்தின் கீழ் ஆரம்பிக்கப்பட்டவை. நெனசல திட்டத்துக்கு 2014 இல் கேட்ஸ் அறக்கட்டளையின் சர்வதேச விருதும் கிடைத்தது. விருது கிடைத்த திட்டம் என்பதற்காக உங்கள் ஊர் நிலையம் திறந்திருக்கும் என்று எண்ணி பஸ் ஏறிவிடாமல், யாரிடமாவது விசாரித்துவிட்டுப் போங்கள். இணையவழி வகுப்பாயின், பதிவு செய்த காணொளியைப் பிறகு தரவிறக்கிப் பார்க்க முடியுமா என்பதே முக்கியம். மழை பெய்தால் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்து போகும் இடத்தில் நேரலையை நம்பிப் பயனில்லை.

மேலே படிக்க விரும்புவோருக்கு, கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டில் தொடங்கி, இப்போது அதன் கணினிக் கல்லூரி நடத்தும் பி.ஐ.டி. எனும் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. முதலாண்டுடன் டிப்ளோமா, இரண்டாமாண்டுடன் உயர் டிப்ளோமா என்று இடையில் நிறுத்திக்கொள்ள வழியுண்டு. உயர்தரத் தகைமை இல்லாதவர்கள் அதே கல்லூரியின் எஃப்.ஐ.டி. அடிப்படைப் பாடநெறி வழியாகவும் வரலாம். பரீட்சை ஆங்கிலத்தில் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1980 முதல் தொலைக்கல்வி நடத்திவரும் திறந்த பல்கலைக்கழகத்துக்குக் கண்டியில் பிராந்திய நிலையம் உண்டு.

வகுப்பே தேவைப்படாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். வேலையிலேயே கற்றுக்கொண்டவருக்கு, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், பாடநெறியில் சேராமலே மதிப்பீட்டுக்குத் தோற்றி என்.வி.கியூ. பெற இடமுண்டு. எங்கள் தோட்ட ஒப்பீசில் பல வருடங்களாகச் செக்ரோலை, அதாவது தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேட்டை, கணினியில் போடும் தம்பியொருவர் இதற்காகத்தான் தன் வேலை மாதிரிகளைக் கோப்பில் சேர்த்துவருகிறார்; சம்பள விபரத்தில் ஆட்களின் பெயர்களை மறைத்துவிட்டுப் பிரதி எடுக்கும்படி சொல்லியிருக்கிறேன். நிர்வாகம் தரவேண்டிய சேவைக் கடிதம் மட்டும் இன்னும் அவர் கைக்கு வந்து சேரவில்லை.