டயர் சுவருக்கு ஒரு ஆர்.டி.

பம்பரைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு பிடி புல் விழுந்தது. டிங்கரிங் அண்ணன் அதைக் குனிந்து எடுத்தார். புல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டிவைடர்ல புல்லு முளைச்சிருந்துச்சா சார்?"

பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அவரே எனக்கு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். "பெங்களூர் ஹைவேல நாய் குறுக்க வந்துச்சு, ஒடிச்சீங்க, டிவைடர்ல மோதிருச்சு. அவ்ளோதான் சார், கிளெய்ம் போட்டுருவோம்." நானும் ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் நின்றிருந்தேன். புல் விழுந்த பிறகு அவரே இடதுபக்க ஃபெண்டரைக் கட்டைவிரலால் தேய்த்துக் காட்டினார். விரலில் கறுப்பாக ரப்பர் ஒட்டிக்கொண்டது. டிவைடரில் மோதினால் சிமென்ட் தூளும் வெள்ளை பெயின்ட்டும் இருக்கும், இரும்பால் கீறின மாதிரி இருக்கும். இது அழுத்தித் தேய்த்த கறுப்பு, அதுவும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வட்ட வட்டமான தடம். சேதத்தை மதிப்பிட வரும் எந்த இன்சூரன்ஸ் சர்வேயரும் இதைப் பார்த்துவிட்டு நாயைத் தேட மாட்டார்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கின் ஓரத்தில் பழைய டயர்களை அடுக்கிக் கட்டியிருக்கும் டயர் சுவரின் தடம் அது.

என்னுடையது 2016 மாடல் போலோ ஜிடி. அம்பத்தூரில் டூல் ரூம் வேலை. வாரத்தில் ஆறு நாள் மைக்ரான் கணக்கில் பிழைப்பு. நாற்பது வயதுக்கு முன்னால் ஒரு தடவையாவது ஒழுங்காக வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று போன பிப்ரவரியில் ஒரு பயிற்சிப் பள்ளியின் இரண்டு நாள் வகுப்பில் சேர்ந்தேன். சொந்த வண்டியிலேயே ஓட்டலாம், பக்கத்தில் பயிற்சியாளர் உட்கார்ந்து வருவார். டைமிங் கிடையாது, ஓவர்டேக் நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டினால்தான்.

சேர்வதற்கு முன்னால் கேட்காமல் இல்லை. எங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறையாக இன்சூரன்ஸ் போடுகிற மாமா ஒருவர் இருக்கிறார். அப்பாவின் சிநேகிதர். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் இரண்டு பேரும் சைக்கிளில் போய்ப் பார்த்தவர்கள். அவருக்குப் போன் செய்தேன்.

"டேய், ரேஸுக்கா போற?"

"ரேஸ் இல்ல மாமா. கிளாஸ்."

"எங்க நடக்குது?"

"ரேஸ் டிராக்ல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பாலிசிய எடுத்து வச்சுக்கிட்டுக் கூப்புடு" என்று வைத்துவிட்டார்.

பாலிசியில் எல்லோரும் பார்ப்பது ஐடிவி (வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பு), பிரீமியம், என்சிபி (கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்கான தள்ளுபடி) மூன்றும்தான். நானும் அப்படித்தான். மாமா பார்க்கச் சொன்னது 'லிமிட்டேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' என்ற நாலைந்து வரி. வண்டியை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், இவை தவிர என்று தொடங்குகிறது: வாடகைக்கு விடுவது, சரக்கு ஏற்றுவது, ஏற்பாடு செய்து நடத்தும் பந்தயம், பேஸ் மேக்கிங் (மற்ற வண்டிகளுக்கு முன்னால் ஓடி வேகம் வகுத்துக்கொடுப்பது), வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரையல் (வண்டி தாங்குமா என்று ஓட்டிப் பார்ப்பது), மோட்டார் வியாபாரம் சம்பந்தப்பட்ட வேலை. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதிப் புத்தகமாக இருந்த 2002-ஆம் வருஷத்து இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்த வாசகம். 2007-இல் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தைக் கம்பெனிகளே தீர்மானிக்கலாம் என்று விட்டார்கள். இந்த வாசகத்தில் கை வைக்கவில்லை. எந்தக் கம்பெனி பாலிசியைப் பிரித்தாலும் பெரும்பாலும் இதே பட்டியல்தான் இருக்கும்.

இதற்குப் பல் எங்கே இருக்கிறது என்றால் பொது விலக்குகளில். அந்த வரம்பை மீறிப் பயன்படுத்தும்போது நேர்ந்த எதற்கும் பொறுப்பில்லை என்று அங்கே ஒரே வாக்கியம். அது சொந்தச் சேதத்துக்கு மட்டும் இல்லை, பாலிசி முழுவதற்கும். ஓனர் டிரைவருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பும் அதோடு சேர்ந்து போகும். மூன்றாம் நபர் இழப்பீட்டில்கூட, மோட்டார் வாகனச் சட்டமே பந்தயத்தையும் வேகச் சோதனையையும் கம்பெனி எடுத்துச்சொல்லக்கூடிய எதிர்வாதமாகப் பெயர் சொல்லி அனுமதிக்கிறது. தேய்மானம் கழிக்காத 'பம்பர் டு பம்பர்' காப்பு என்று எதை எடுத்திருந்தாலும் அது இந்த வேலிக்கு உள்ளே இருக்கிற பயிர்தான்.

வகுப்பு என்பது பந்தயமா? இல்லை என்று நான் வாதாடுவேன். ஸ்டாப்வாட்ச் இல்லை, பரிசு இல்லை, போட்டியாளர் இல்லை. விலக்கு வாசகத்தில் குழப்பம் இருந்தால் அதைப் பாலிசிதாரருக்குச் சாதகமாகப் படிக்க வேண்டும் என்பதும் நுகர்வோர் வழக்குகளில் பழகிய வாதம். ஆனால் 'வேகச் சோதனை' என்ற சொல்லை அவர்கள் எவ்வளவு தூரம் இழுப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? வழக்கை ஜெயிக்கிற வரைக்கும் வண்டி ஷெட்டில் நிற்கும். கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேட்டேன். 'விதிமுறைகள் நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று பதில் வந்தது. அது எனக்குத் தெரிந்ததால்தானே கேட்டேன்.

மாமா இன்னொரு கதவையும் தட்டிப் பார்த்தார். டாரிஃபில் ஐஎம்டி 31 என்று ஒரு எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் ஷரத்து இருக்கிறது. கூடுதல் பிரீமியம் கட்டினால், இந்த நிகழ்ச்சி, இந்த இடம், இந்தத் தேதி, இன்னார் நடத்துவது என்று எழுதி, ரிலையபிலிட்டி டிரையலுக்கும் ராலிக்கும் பாலிசியை நீட்டித் தருவது. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம். அடுத்த வரியைப் படித்தார்: பந்தயம், பேஸ் மேக்கிங், வேகச் சோதனைக்கு இது பொருந்தாது. "ஊரச் சுத்தி ராலி போனா உண்டுடா. ஒரே எடத்துல சுத்துனா கெடையாது" என்றார்.

டெக்சாஸில் இருக்கும் மச்சானிடம் கேட்டால் அவன் சிரிக்கிறான். அங்கேயும் சாதாரண பாலிசிகள் பலவற்றில் ரேஸ் டிராக்கை விலக்கிவிடுகிறார்கள். சிலவற்றில் ஓட்டுநர் திறன் பயிற்சி என்று பெயர் சொல்லியே விலக்குகிறார்கள். ஆனால் ஒரு வாரக் கடைசிக்கு மட்டும் தனியாக டிராக் டே பாலிசி வாங்க முடியும். வண்டியின் மதிப்பை நாமே சொல்லலாம், அதில் குறிப்பிட்ட சதவீதத்தை நாம் ஏற்க வேண்டும், போட்டி இல்லாத, டைமிங் இல்லாத ஓட்டத்துக்குத்தான் செல்லும். அதிலும் பெரும்பாலும் நம் வண்டிக்கு மட்டும்தான். அடுத்தவன் வண்டியை இடித்தால் அது தரும் என்று நம்பிப் போகக் கூடாது. நம் ஊரில் அப்படி ஒன்று மாமாவுக்கும் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை.

இதில் என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஈசிஆரில் தனியாக 140-இல் போய் ஒருத்தன் கம்பத்தில் மோதினால், போலீஸ் அபராதம் போடும், ஆனால் அதிவேகம் என்பது மேலே சொன்ன பட்டியலில் இல்லை. குடிக்காமல், லைசென்ஸோடு ஓட்டியிருந்தால் அவனுடைய கிளெய்ம் பெரும்பாலும் வந்துவிடும். பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மூன்று மாதம் வரை சிறை, ஐயாயிரம் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறதே, அதற்குப் பயந்து ஒழுங்காக டிராக்குக்குப் போய், ஹெல்மெட் போட்டு, ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் பிரேக் போடக் கற்றுக்கொண்டால் உனக்கு ஒரு பைசா கிடையாது.

புலம்பி என்ன. போனேன்.

காலை ஆறரை. பக்கத்து ஹூண்டாய் ஃபேக்டரிக்கு ஷிப்ட் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஷாமியானாவுக்குக் கீழே ஒரு மேஜை, நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனா, மூன்று பக்கப் பாரம். எனக்கு முன்னால் நின்ற பையன் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். நான் படித்தேன். உயிருக்கும் உடம்புக்கும் வண்டிக்கும் நடத்துகிறவர்கள் பொறுப்பில்லை. வேலி, டயர் சுவர் சேதமானால் ஓட்டியவர் காசு கொடுக்க வேண்டும். மற்ற வண்டியோடு மோதினால் அவரவர் வண்டி அவரவர் பாடு. படித்துவிட்டு நானும் அதே பேனாவால்தான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் நாள் சொர்க்கம். 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. இரண்டாம் நாள் மதியம், நாலாவது ரவுண்ட், நேர்ப்பாதை முடியும் இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. "பம்ப் பண்ணுங்க, பம்ப், பம்ப்" என்று பயிற்சியாளர் கத்தினார். மூன்றாவது மிதிக்குப் பிடித்தது. அதற்குள் வண்டி புல்லில் இறங்கி, ஈரமில்லாத புல்லில்கூட என்ன வழுக்கு வழுக்கும் என்று காட்டிவிட்டு, டயர் சுவரில் இடது முன்மூலையைச் சாய்த்தது. வேகம் இருபது, இருபத்தைந்து இருக்கும். ஏர்பேக்கூட வெடிக்கவில்லை.

காரணம் பிரேக் ஆயில். மாற்றி மூன்று வருஷம் ஆகியிருந்தது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கணக்கு. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறியதற்கான கணக்கு 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் இறங்கும். மைக்ரான் பார்க்கிறவன் எழுநூறு ரூபாய் ஆயிலைப் பார்க்கவில்லை.

ரோட் சைட் அசிஸ்டன்ஸ் எண் போனில் இருந்தது. கூப்பிட்டால் வண்டி நிற்கும் இடம் பதிவாகும் என்று தோன்றி, கூப்பிடாமல் 4,500 ரூபாய் கொடுத்து வண்டியை ஏற்றிப்போகும் ஃபிளாட்பெட் லாரி பிடித்தேன். அந்த நிமிஷத்தில் என் மனசில் பொய்க் கிளெய்ம் எண்ணம் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அதனால் ஷெட்டில் நான் யோக்கியனாக நின்றேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. புல்லும் ரப்பரும் நிறுத்தின. பொய் சொல்லி மாட்டினால் அந்தக் கிளெய்ம் மட்டும் இல்லை, பாலிசியே போய்விடும்.

பில் 61,400. பம்பர், இடது ஹெட்லைட், ஃபெண்டர், கண்டென்சர், லோயர் ஆர்ம், பெயின்ட். ஆறின பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரோட்டிலேயே இடித்திருந்தாலும் எவ்வளவு வந்திருக்கும்? வண்டி பழசு என்பதால் தேய்மானக் கழிவு உண்டு. பிளாஸ்டிக்கும் ரப்பரும் பாதி விலைதான், உலோகத்துக்கு வயதுக்கு ஏற்ற வெட்டு, கட்டாயப் பிடித்தம் ஆயிரம் ரூபாய். ஐந்து வருஷம் சேர்த்த 50 சதவீத என்சிபி பூஜ்யத்துக்குப் போகும். கையில் நின்றிருப்பது முப்பதாயிரத்தைத் தாண்டியிருக்காது. அந்த முப்பதாயிரத்துக்காகத்தான் ஒரு நாயைச் சாட்சிக்கு இழுக்க இருந்தோம்.

வீட்டில் சொன்னேன். மனைவி ஆடிட்டர் ஆபீஸில் வேலை. திட்டவில்லை. மெடிக்ளெய்ம் பாலிசியைக் கேட்டாள். அதில் 'எக்ஸ்குளூஷன் 09' என்று அபாயமான சாகச விளையாட்டுகளுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வாசகம். பாறை ஏறுதல், ராஃப்டிங் வரிசையில் மோட்டார் ரேஸிங்கும் இருக்கிறது. பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. அவள் விரல் வைத்தது வேறு சொல்லில்: 'தொழில்முறையாகப் பங்கேற்றால்'. "நீங்க ஓட்டுனத பாத்தா யாரும் தொழில்முறைன்னு சொல்ல மாட்டாங்க" என்றாள். ஆக, உடம்புக்குக் காப்பு இருக்கிறது, வண்டிக்கு இல்லை. தனியாக எடுத்திருக்கும் விபத்துப் பாலிசியில் அந்தச் சொல்லும் இல்லாமல் பந்தயம் மொத்தமாக விலக்கியிருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் படிக்க வேண்டும்.

மறுபடி போவேன் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் பாங்கில் மாசம் ஐயாயிரம் ஒரு ஆர்.டி. போட்டாள். நெட் பாங்கிங்கில் அதற்கு 'டயர் சுவர்' என்று பெயர் வைத்திருக்கிறாள். அது ஒரு பில் தொகையைத் தொடும்வரை டிராக் பக்கம் போகக் கூடாது. அதுதான் பிரீமியம், நாங்கள்தான் கம்பெனி, சர்வேயரும் அவளே. நடுவில் நான் செய்தது: பிரேக் ஆயில், பேட் மாற்றினேன். டிராக்கில் நன்றாகப் பிடிக்கும் செமி ஸ்லிக் டயரும், எஞ்சின் மென்பொருளை மாற்றி வேகம் கூட்டும் ரீமேப்பும் ஆசை காட்டின, விட்டுவிட்டேன். போகும் வழியும் திரும்பும் வழியும் பொதுச் சாலை, அங்கே பாலிசி உயிரோடு இருக்கிறது. சொல்லாமல் செய்த மாற்றத்தால் அதையும் கெடுத்துக்கொள்வானேன். ஓட்டுகிற முறையைப் பார்த்துப் பிரீமியம் போடும் பாலிசிகளுக்கு 2022-இல் அனுமதி வந்ததிலிருந்து மாமா ஒரு கருவியை மாட்டிக்கொள்ளச் சொல்கிறார். "அதையும் டிராக்குக்குக் கூட்டிட்டுப் போவேன் மாமா" என்றதும் பேச்சை மாற்றிவிட்டார். முதல் தடவை போகிறவர்கள் பள்ளியின் வண்டியையே எடுத்து, சேதத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டால் என் பில் அளவுக்கு அழ வேண்டாம்.

போன வாரம் ஆர்.டி. அந்தப் பில் தொகையைத் தொட்டது. அடுத்த வகுப்புக்குப் பணம் கட்ட உட்கார்ந்தேன். மனைவி பின்னால் வந்து நின்று பாரத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர் போடலாமா?"

"போடலாம். ஏன்?"

"அப்ப என் பேரையும் போடுங்க. எப்படியும் இன்சூரன்ஸ் இல்ல, யார் இடிச்சா என்ன?"